ஹென்றி சிட்ஜ்விக்

ஹென்றி சிட்ஜ்விக் (மே 31, 1838 - ஆகஸ்ட் 28, 1900) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த ஒரு மெய்யியலாளரும் பொருளியலாளரும் கல்விச் சீர்திருத்தவாதியும் ஆவார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய இவர், 1874ஆம் ஆண்டில் வெளிவந்த 'அறவியலின் முறைகள்' என்னும் நூலின் மூலம் பரவலாக அறியப்படுகின்றார். பெண்களுக்கான நியூனம் கல்லூரியை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர். மெய்யியல் கேம்பிரிட்ஜில் ஒரு பட்டப்படிப்புப் பாடமாக வேரூன்றிய காலத்தில் வாழ்ந்தவர் என்பதால், மாணவர் எழுதும் வாதங்களை எவ்வாறு எடைபோடுவது, ஒருவர் வந்தடைந்த முடிவையும் அம்முடிவுக்கு அவர் வந்த வழியையும் எவ்வாறு பிரித்துப் பார்ப்பது என்னும் கேள்விகள் இவருடைய வாழ்க்கையில் பல இடங்களில் குறுக்கிடுகின்றன. இவருடைய நூல்களைப் பற்றியே பெரிதும் எழுதப்பட்டுள்ளமையால், பணியின் இந்தப் பகுதி போதிய கவனம் பெறவில்லை எனலாம்.

இளமையும் கல்வியும்

சிட்ஜ்விக் யார்க்சயர் பகுதியிலுள்ள ஸ்கிப்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் சிட்ஜ்விக் ஒரு மதகுரு. அவ்வூர் இலக்கணப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் இருந்தார். ஹென்றிக்கு மூன்று வயது நிரம்பும் காலத்தில், 1841இல், தந்தையார் இறந்தார். பின்னர் ரக்பி பள்ளியில் பயின்றார். அங்கு ஆசிரியராக இருந்த எட்வர்ட் வைட் பென்சன் உறவினர். பின்னாளில் சிட்ஜ்விக்கின் தங்கையை மணந்து, கேன்டர்பரி பேராயராகவும் உயர்ந்தவர். இளமையில் சிட்ஜ்விக்கின் மீது பெருஞ்செல்வாக்குக் கொண்டிருந்தவர் இவரே.

1855இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த சிட்ஜ்விக், தேர்வுகளில் மிகச் சிறந்து விளங்கினார். அக்காலக் கேம்பிரிட்ஜில் சிறப்புப் பட்டத்திற்கான தேர்வு டிரைபாஸ் என்று அழைக்கப்பட்டது. மாணவர்கள் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டி, முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிடும் வழக்கம் இருந்தது. 1859இல் சிட்ஜ்விக் செவ்வியல் மொழிகளுக்கான தேர்வில் முதலிடம் பெற்றார். கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் 33ஆவது இடத்தைப் பெற்றார். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் செவ்வியல் மொழிகளைக் கற்பிக்கத் தொடங்கினார். அந்தத் தேர்வு முறையின் நிறைவான விளைபொருளாக விளங்கிய ஒருவரே பின்னாளில் அதன் கடுமையான திறனாய்வாளருள் ஒருவரானார் என்பது கவனிக்கத்தக்கது.

மாணவப் பருவத்திலேயே 'அப்போசுதலர்' என்று அழைக்கப்பட்ட கலந்துரையாடல் குழுவில் இவர் உறுப்பினரானார். எந்தக் கருத்தையும் யாரும் தயக்கமின்றி முன்வைக்கலாம், யாரும் மறுக்கலாம், பேசுபவரின் பதவியோ வயதோ கணக்கில் கொள்ளப்படாது என்பதே அக்குழுவின் நடைமுறையாக இருந்தது. தம்முடைய அறிவு வாழ்க்கையை உருவாக்கியதில் இக்குழுவுக்கே முதன்மையான பங்கு உண்டு என்று அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

அறநெறி அறிவியல்கள் தேர்வு

கேம்பிரிட்ஜில் மெய்யியல் அப்போது தனிப் பெயரில் கற்பிக்கப்படவில்லை. அறநெறி மெய்யியல், அளவையியல், உளவியல், அரசியற் பொருளியல் ஆகியவை சேர்ந்த தொகுதி 'அறநெறி அறிவியல்கள்' என்று வழங்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரியின் தலைவராக இருந்த வில்லியம் ஹியூவெல் முன்னின்று முயன்றதால் 1848இல் இதற்கெனத் தேர்வு ஒன்று ஏற்படுத்தப்பட்டு, 1851இல் முதன்முறையாக நடைபெற்றது. தொடக்கத்தில் இத்தேர்வை மட்டும் எழுதிப் பட்டம் பெற முடியாது. 1860ஆம் ஆண்டு முதலே அந்த உரிமை வழங்கப்பட்டது. இதனை எழுதியோர் தொகை கணிதத் தேர்வை எழுதியோருடன் ஒப்பிட மிகச் சிறியது.

இத்தேர்வின் சிக்கல் அதன் இயல்பிலேயே இருந்தது. கணித விடைத்தாளில் ஒவ்வொரு படியும் சரியா தவறா என்று காட்ட முடியும். மொழிபெயர்ப்பு விடைத்தாளில் பிழைகளை எண்ண முடியும். ஒரு நூலாசிரியரின் வாதத்தை எடுத்துரைத்து அதன் வலிமையை ஆராயுமாறு கேட்கும் வினாவுக்கு எழுதப்பட்ட விடையில் எதனை எண்ணுவது? நூலாசிரியர் கூறியதை மாணவர் பிழையின்றித் திருப்பி எழுதியிருக்கலாம். ஆனால் எந்த எடுகூற்றின் மீது முடிவு தங்கியிருக்கிறது என்பதை அவர் காணாமல் விட்டிருக்கலாம். வேறொரு மாணவர் நூலைத் தவறாக நினைவில் வைத்திருந்தும் உண்மையான ஓட்டையைச் சரியாகச் சுட்டியிருக்கலாம். இருவருள் யாருக்கு உயர்ந்த வகுப்பு என்பது திருத்துபவரின் மனத்தைப் பொறுத்ததாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே.

பழைய முறையின் ஓர் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. வில்லியம் பேலி என்பவர் கிறித்தவ சமயத்திற்கான சான்றுகளைத் தொகுத்து எழுதிய நூல் கேம்பிரிட்ஜ் மாணவர் அனைவருக்கும் தேர்வுப் பாடமாக நெடுங்காலம் இருந்தது. இயற்கையியலாளர் சார்லஸ் டார்வின் அங்கு மாணவராக இருந்தபோது அந்நூல் முழுவதையும் பிழையின்றி எழுதிக்காட்டும் அளவுக்குக் கற்றிருந்ததாகத் தன்வரலாற்றில் குறிப்பிடுகின்றார். அவர் அந்நூலின் ஏரணத்தை விரும்பியே படித்தார். ஆயினும் எடுகூற்றுகள் உண்மைதானா என்று அப்போது அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்களோ வாதத்தைச் சுருக்கக் குறிப்புகளிலிருந்து மனப்பாடம் செய்து எழுதினர். வாதத்தைத் திருப்பிச் சொல்லும் திறனுக்கும் வாதத்தை எடைபோடும் திறனுக்கும் உள்ள இந்த இடைவெளியே அறநெறி அறிவியல்கள் தேர்வை நடத்தியோர் எதிர்கொண்ட சிக்கலாகும்.

சிட்ஜ்விக் 1860களின் நடுப்பகுதியில் இத்தேர்வின் தேர்வாளருள் ஒருவராகப் பணியாற்றத் தொடங்கினார். மெய்யியலை முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றவரல்லர் என்பதால், மாணவர்களின் தாள்களைத் திருத்துவதற்காகவே பெருமளவு படிக்க வேண்டியிருந்தது. அறநெறி மெய்யியல் பேராசிரியர் ஜான் குரோட் இல்லத்தில் கூடிய சிறு குழுவும் இவருக்குப் பயிற்சிக்களமாயிற்று. அளவையியலாளர் ஜான் வென், பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் ஆகியோரும் அக்குழுவோடு தொடர்புடையவர்கள். 1867 அளவில் சிட்ஜ்விக் செவ்வியல் மொழிகளைக் கற்பிப்பதை விட்டு, அறநெறி அறிவியல்களுக்கான விரிவுரையாளரானார். அதே ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்றில், மாணவர் யாவரும் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் செய்யுள் இயற்ற வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து எழுதினார். தாம் முதலிடம் பெற்ற பாடத்தைப் பற்றியே இவ்வாறு எழுதினார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பதவி விலகல்

டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்பதாக உறுதியளிக்க வேண்டும் என்பது அக்கால விதி. சிட்ஜ்விக்கும் 1859இல் அவ்வாறு உறுதியளித்திருந்தார். அடுத்த பத்தாண்டுகளில் அவருடைய நம்பிக்கை தளர்ந்தது. கிறித்தவ மூலங்களை ஆராய்வதற்காக எபிரேயம், அரபு ஆகிய மொழிகளைக் கற்றார். மொழியறிவால் மட்டும் இக்கேள்விக்கு விடை காண முடியாது என்று உணர்ந்து மெய்யியலுக்குத் திரும்பினார்.

விதியைப் பெயரளவில் ஏற்றுப் பதவியில் தொடர்ந்தோர் பலர் இருந்தனர். அதனை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதும் இல்லை. சிட்ஜ்விக் 1869இல் ஆய்வுறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். கல்லூரி அவரை இழக்க விரும்பாமல், சமய உறுதிமொழி தேவைப்படாத விரிவுரையாளர் பணியைக் குறைந்த வருவாயில் அவருக்கு அளித்தது. மறு ஆண்டில், சமயக் கோட்பாடுகளுக்கு ஒப்பமிடுவதன் அறநெறி குறித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1871இல் நாடாளுமன்றம் பல்கலைக்கழகங்களில் இத்தகைய சமயச் சோதனைகளைப் பெரும்பாலும் நீக்கிச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்திற்கு ஆதரவு திரண்டதில் சிட்ஜ்விக்கின் விலகலுக்கும் பங்குண்டு என்று கருதப்படுகின்றது.

இந்நிகழ்வு பெரும்பாலும் மனச்சான்றின் வரலாறாகவே சொல்லப்படுகின்றது. இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆசிரியர் ஒருவர் எந்த முடிவில் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே ஒப்பமிடப்பட்டுவிட்டால், அதே முடிவுக்கு எதிராக ஒரு மாணவர் நன்றாக வாதிட்டு எழுதும்போது அத்தாளை அவர் எவ்வாறு படிப்பார்? அவ்வாதத்தில் குறை காண வேண்டிய கடமை அவருக்கு ஏற்கெனவே சுமத்தப்பட்டுவிடுகின்றது. மெய்யியல் ஒரு தேர்வுப் பாடமாக நிலைபெற வேண்டுமாயின், திருத்துபவருக்கு இந்தத் தளை இருத்தலாகாது.

இதன் பின்னரும் இவருக்குப் பேராசிரியர் பதவி எளிதில் கிடைக்கவில்லை. 1872இல் நைட்பிரிட்ஜ் அறநெறி மெய்யியல் பேராசிரியர் பதவி வெற்றிடமானபோது விண்ணப்பித்தார். சமயச் சார்பு மிக்க டி. ஆர். பர்க்ஸ் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவி 1883இலேயே சிட்ஜ்விக்கை வந்தடைந்தது.

பெண்களின் விடைத்தாள்கள்

1870இல் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான விரிவுரைகள் தொடங்கப்பட்டன. வெளியூர்களிலிருந்து வரும் பெண்கள் தங்குவதற்காக 1871இல் சிட்ஜ்விக் தம் பொறுப்பில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஆன் ஜெமைமா கிளஃப் என்பவர் பொறுப்பாளராக அமர்ந்தார். முதலில் வந்த மாணவியர் ஐவர். இதுவே வளர்ந்து 1875இல் நியூனம் இல்லமாகவும் 1880இல் நியூனம் கல்லூரியாகவும் ஆனது.

அதே காலத்தில் எமிலி டேவிஸ் என்பவரும் பெண்களுக்கான கல்லூரி ஒன்றை நடத்தினார். இதுவே பின்னர் கிர்ட்டன் கல்லூரி எனப் பெயர் பெற்றது. இவ்விருவருக்கும் இடையே ஒரு கருத்து வேறுபாடு நிலவியது. பெண்கள் ஆண்கள் எழுதும் எல்லாத் தேர்வுகளையும், அதே காலவரம்பில், எள்ளளவும் மாற்றமின்றி எழுத வேண்டும் என்பது டேவிஸ் அம்மையாரின் நிலைப்பாடு. சிறு சலுகை இருந்தாலும் பெண்களின் தகுதி தாழ்ந்தது என்று ஆண்கள் சொல்லிவிடுவர் என்று அவர் அஞ்சினார். சிட்ஜ்விக்கோ, டிரைபாஸுக்கு முன்பாக எழுதவேண்டிய தொடக்கநிலைத் தேர்வு ஆண்களுக்கே பயனற்ற ஒன்று என்று கருதினார். கட்டாய கிரேக்கமும் இலத்தீனும் பேலியின் நூலும் அதில் அடங்கியிருந்தன. பள்ளியில் அம்மொழிகளைக் கற்கும் வாய்ப்பே இல்லாத பெண்கள் மீது அதனையும் சுமத்துவது அவருக்கு உடன்பாடாக இல்லை. மோசமான அளவுகோல் சமமாகப் பயன்படுத்தப்பட்டால் அது நியாயமாகிவிடுமா என்பதே இவ்விருவரிடையே இருந்த கேள்வியாகும். டேவிஸின் அச்சம் வீணானதன்று. தனிச் சலுகையைக் காட்டித் தகுதியை மறுக்கும் வழக்கம் அக்காலத்தில் நன்கு வேரூன்றியிருந்தது.

நியூனத்தின் முதல் ஐவருள் மேரி பேலி, ஏமி புல்லி ஆகிய இருவர் 1874இல் அறநெறி அறிவியல்கள் தேர்வை எழுதினர். மேரி பேலி, மேலே குறிப்பிட்ட வில்லியம் பேலியின் கொள்ளுப் பேத்தி ஆவார். பெண்களுக்குத் தேர்வெழுதும் உரிமை இல்லாமையால், தேர்வாளர்கள் விருப்பத்தின் பேரில் தாள்களைப் படித்துக் கருத்துக் கூறுவர் என்ற முறைசாரா ஏற்பாடு செய்யப்பட்டது. கிரேக்கப் பேராசிரியர் பெஞ்சமின் ஹால் கென்னடியின் வீட்டு வரவேற்பறையே தேர்வுக்கூடமாயிற்று. பல்கலைக்கழக மன்றத்தில் வினாத்தாள் வழங்கப்பட்டதும் அதனைப் பெற்றுக்கொண்டு அவ்வீட்டுக்கு விரைந்தோரில் சிட்ஜ்விக், மார்ஷல், வென், செட்லி டெய்லர் ஆகியோர் இருந்தனர். நாட்டின் பெயர்பெற்ற அளவையியலாளரும் அறவியலாளரும் வினாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் விரைந்த காட்சியை மேரி பேலி முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

தேர்வாளர்கள் நால்வர். மேரி பேலியின் தாள்களைப் படித்தபின் இருவர் முதல் வகுப்பு என்றும் இருவர் இரண்டாம் வகுப்பு என்றும் கருத்துக் கூறினர். தீர்வு வாக்களிப்பதற்குத் தலைவர் ஒருவர் அப்போது நியமிக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே அவர் எந்த வகுப்பு என்பது முடிவாகாமலேயே நின்றது.

நால்வரும் துறையறிந்தவர்கள், ஒரே தாள்களைப் படித்தவர்கள். கணிதத் தேர்வில் இவ்வாறு நேர்வது அரிது. மதிப்பெண்களைக் கூட்டும்போது எங்கேனும் ஒரு சிறு வேறுபாடு வந்து வரிசையைத் தீர்மானித்துவிடும். வாதங்களை எடைபோடும் தேர்வில் திறமையான நால்வர் இரண்டாகப் பிரிவது இயல்பு என்பதையும், அதற்கான நடைமுறை ஒன்று தேவை என்பதையும் இந்நிகழ்வு வெளிப்படையாகக் காட்டியது. தலைவருக்குத் தீர்வு வாக்கு அளிப்பது வகுப்பை முடிவு செய்ய உதவுமே தவிர, கருத்து வேறுபாட்டைத் தீர்க்காது என்பதும் வெளிப்படை.

மேரி பேலி விரைவிலேயே நியூனத்தில் பொருளியல் கற்பிக்கலானார். 1877இல் ஆல்பிரட் மார்ஷலை மணந்தார். பெண்கள் டிரைபாஸ் தேர்வுகளை முறைப்படி எழுதும் உரிமை 1881இல் வழங்கப்பட்டது. தொடக்கநிலைத் தேர்வுக்கு மாற்றாக வேறொரு தேர்வை எழுதவும் அவர்களுக்கு இசைவளிக்கப்பட்டதால், அவ்வகையில் சிட்ஜ்விக்கின் கருத்து இடம்பெற்றது எனலாம். ஆயினும் பெண்களின் பெயர்கள் தனிப் பட்டியலிலேயே வெளியிடப்பட்டன. அவர்களுக்கு முழுமையான பட்ட உரிமையைக் கேம்பிரிட்ஜ் 1948இலேயே வழங்கியது.

அறவியலின் முறைகள்

சிட்ஜ்விக்கின் முதன்மை நூல் 1874இல் வெளிவந்தது. எது செய்யத்தக்கது என்று முடிவு செய்ய மனிதர் பயன்படுத்தும் மூன்று வழிகளை அது ஆராய்கின்றது. தன் இன்பத்தைப் பெருக்குவதே இலக்கு என்பது ஒன்று. கடமைகள் உள்ளுணர்வால் நேரடியாக அறியப்படுகின்றன என்பது மற்றொன்று. அனைவருடைய இன்பத்தையும் பெருக்குவதே இலக்கு என்னும் பயன்வழிக் கொள்கை மூன்றாவது.

ஒரு வாதத்தை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதற்கு இந்நூலின் ஒரு பகுதி சிறந்த எடுத்துக்காட்டாக மாணவர்களால் இன்றும் படிக்கப்படுகின்றது. பயன்வழிக் கொள்கைக்கு ஜான் ஸ்டுவர்ட் மில் அளித்த நிறுவல் அங்கு ஆராயப்படுகின்றது. ஒவ்வொருவரும் தத்தம் இன்பத்தை விரும்புகின்றனர். ஆகவே அனைவரின் இன்பமும் அனைவரின் தொகுதிக்கு நன்மையானது என்பது மில்லின் வாதத்தின் போக்கு. சிட்ஜ்விக் இதில் ஓர் இடைவெளியைச் சுட்டினார். நூறு பேர் தத்தம் பங்கை விரும்புகின்றனர் என்பதால், முழுத் தொகையையும் விரும்பும் ஒருவர் அந்த நூறு பேருள் இருக்கிறார் என்று ஆகாது. விருப்பங்களை ஒன்றாகக் குவித்தாலும் அக்குவியல் யாருடைய விருப்பமும் அன்று.

இதில் கருதத்தக்கது யாதெனில், சிட்ஜ்விக்கும் பயன்வழிக் கொள்கையினரே. மில்லின் முடிவை ஏற்றுக்கொண்டே மில்லின் நிறுவலைத் தள்ளினார். பின்னர் அவ்விடைவெளியை நிரப்ப வேறொரு கோட்பாட்டைத் தேடினார். எந்த ஒரு தனிமனிதரின் நன்மையும், பொதுநோக்கில் பார்க்கும்போது, மற்றொருவரின் நன்மையைவிட முதன்மையானதன்று என்பதை அதற்கு அடிப்படையாகக் கொண்டார். தாம் ஏற்கும் முடிவைத் தாங்கி நிற்கும் வாதத்தில் ஓட்டை காண்பது, எதிர்க்கும் முடிவைத் தாங்கும் வாதத்தில் காண்பதைவிடக் கடினம். விடைத்தாள் திருத்துவோர் யாவரும் இதனை அறிவர்.

ஒரு கூற்று தானே விளங்கும் உண்மை என்று கொள்ளப்படுவதற்கு நான்கு சோதனைகளையும் சிட்ஜ்விக் வகுத்தார். சொற்கள் தெளிவாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும். கவனமாகச் சிந்தித்த பின்னரும் அது விளங்கிய உண்மையாகத் தோன்ற வேண்டும். இத்தகைய பிற கூற்றுகளோடு முரண்படலாகாது. நான்காவது சோதனையே அதிகம் விவாதிக்கப்பட்டது. தம்மைப் போன்றே தகுதியுடைய இன்னொருவர் அக்கூற்றை மறுப்பாராயின், அவருடைய பக்கம் பிழை இருப்பதற்குத் தனிக் காரணம் காட்ட முடியாதவரை, தமது உறுதியையும் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அது. கென்னடி வீட்டு வரவேற்பறையில் எழுதப்பட்ட தாள்கள் இருவரால் ஒரு விதமாகவும் இருவரால் வேறு விதமாகவும் மதிப்பிடப்பட்டதை நினைவிற்கொண்டு இதனைப் படித்தால், அதன் நடைமுறைப் பொருள் தெளிவாகும். சக தேர்வாளரின் மாறுபட்ட கருத்தும் எடைபோடவேண்டிய சான்றுகளுள் ஒன்றாகிவிடுகின்றது. இக்காலத்தில் சமதகுதியுடையோரின் கருத்து வேறுபாடு பற்றி அறிவாய்வியலில் நடைபெறும் விவாதங்களில் சிட்ஜ்விக்கின் இக்கருத்து அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது.

தம் நூலையும் அவர் இவ்வாறே மதிப்பிட்டார். தன்னலமும் பொதுநலமும் மோதும்போது எதனைப் பின்பற்ற வேண்டும் என்பதற்கு அறிவால் மட்டும் விடை காண முடியவில்லை என்ற முடிவுக்கே அவர் வந்தார். நூலின் முதற்பதிப்பு தோல்வி என்னும் சொல்லுடன் முடிவடைகின்றது. பின்வந்த பதிப்புகளில் இறுதிப் பகுதியை மாற்றி எழுதினாலும் சிக்கல் தீர்ந்துவிட்டதாக அவர் கூறவில்லை. எஃப். எச். பிராட்லி 1877இல் இந்நூலைக் கடுமையாகத் தாக்கித் தனிச் சிறுநூலே வெளியிட்டார். முந்திய ஆண்டில் பிராட்லியின் நூலைச் சிட்ஜ்விக் 'மைண்ட்' இதழில் மதிப்புரை செய்திருந்தார்.

ஆசிரியப் பணி

சிட்ஜ்விக் கவர்ச்சியான பேச்சாளரல்லர். அவருக்குத் திக்குவாய் இருந்தது. எழுதி வைத்ததைப் படிக்கும் அவருடைய விரிவுரைகள் சலிப்பூட்டின என்று ஜி. இ. மூர் போன்ற பிற்கால மாணவர்கள் கருதினர். சிறு குழுவில் உரையாடும்போது அவர் வேறொருவராகத் தோன்றினார் என்று பலரும் எழுதியுள்ளனர்.

விரிவுரையின் பயனைப் பற்றி அவருக்கே ஐயம் இருந்தது. 1890இல் வெளிவந்த, விரிவுரை முறைக்கு எதிரான அவருடைய கட்டுரை புகழ்பெற்றது. அச்சு நூல்கள் பெருகிவிட்ட பின்னரும் ஆசிரியர் வாயால் சொல்ல மாணவர் கையால் எழுதிக்கொள்ளும் வழக்கம் பழமையின் எச்சம் என்று அதில் வாதிட்டார். பாடத்தை மாணவர் அச்சில் படித்துவிடலாம். ஆசிரியரின் நேரம் மாணவருக்கு எழும் ஐயங்களைத் தீர்ப்பதற்கும் அவர்கள் எழுதியவற்றைப் பார்ப்பதற்கும் செலவிடப்பட வேண்டும் என்பது அவருடைய நோக்கு. அவரே விரிவுரைகளைக் கைவிடவில்லை என்பது வேறு.

அவரிடம் பயின்றோர் வரிசை பெரியது. பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான ஆர்தர் பால்ஃபர், சட்ட வரலாற்றாளர் எஃப். டபிள்யூ. மெய்ட்லண்ட், அளவையியலாளர் ஜான் நெவில் கெய்ன்ஸ், மெய்யியலாளர்கள் மக்டகார்ட், மூர், பெர்ட்ரண்ட் ரசல் ஆகியோர் அவர்களுள் சிலர். மெய்ட்லண்ட் 1872இல் இத்தேர்வில் மற்றொருவருடன் சேர்ந்து முதலிடம் பெற்றவர். பின்னாளில் ஆங்கிலேயச் சட்டத்திற்கெனக் கேம்பிரிட்ஜில் ஒரு பதவியை உருவாக்கப் பணமில்லாதபோது சிட்ஜ்விக் ஆண்டுக்கு 300 பவுண் தர முன்வந்தார். 1884இல் அப்பதவிக்கு மெய்ட்லண்டே வந்தார்.

நெவில் கெய்ன்ஸ் 1884இல் வெளியிட்ட முறைசார் அளவையியல் நூல், தேர்வுகளில் கேட்கப்பட்ட பல கணக்குகளை விடைகளுடன் கொண்டிருந்தது. அளவையியலில் இது இயலும். எடுகூற்றுகளிலிருந்து முடிவு வருமா வராதா என்பதற்குத் திட்டமான விடை உண்டு. அறவியல் தாளிலோ, எடுகூற்றை ஏற்கலாமா என்ற கேள்வியே பெரிது. அதற்கு விடைநூல் எழுத யாராலும் முடியவில்லை.

தமக்கெனச் சீடர் கூட்டம் ஒன்றை உருவாக்க சிட்ஜ்விக் விரும்பவில்லை. தம் நிலைப்பாட்டைத் திருப்பிச் சொல்வதைவிட அதன் இடர்ப்பாட்டை மாணவர் காண வேண்டும் என்றே எதிர்பார்த்தார். மூர் 1903இல் வெளியிட்ட தமது அறவியல் நூலில் சிட்ஜ்விக்கிடம் கடன்பட்டதை ஒப்புக்கொண்டு, அவருடைய இன்பக் கொள்கையைப் பல பக்கங்களில் மறுத்தார். அப்போது சிட்ஜ்விக் உயிருடன் இல்லை.

பிற பணிகளும் இறுதிக் காலமும்

1876இல் பால்ஃபரின் தமக்கையான எலினோர் மில்ட்ரெட் பால்ஃபரை சிட்ஜ்விக் மணந்தார். கணிதத்தில் தேர்ந்தவரான எலினோர் 1892இல் நியூனம் கல்லூரியின் முதல்வரானார். 'அரசியற் பொருளியல் கொள்கைகள்' (1883), 'அறவியல் வரலாற்றுச் சுருக்கம்' (1886), 'அரசியலின் கூறுகள்' (1891) ஆகியவை சிட்ஜ்விக்கின் ஏனைய நூல்கள்.

1882இல் தோற்றுவிக்கப்பட்ட ஆவியுலக ஆய்வுக் கழகத்திற்கு இவரே முதல் தலைவர். ஆவிகளுடன் பேசுவதாகக் கூறியோரின் சான்றுகளைக் கழகம் சோதித்தது. 1895இல் யூசாப்பியா பல்லடினோ என்னும் இத்தாலியப் பெண்மணி கேம்பிரிட்ஜில் சோதிக்கப்பட்டு, அவருடைய ஏமாற்று வெளிப்பட்டது. இறப்புக்குப் பின் வாழ்வு உண்டு என்று நிறுவப்பட்டால் தம் அறவியலின் தீராச் சிக்கலுக்கு வழி பிறக்கலாம் என்று சிட்ஜ்விக் எண்ணியிருந்தார். இருந்தும் சான்று போதவில்லை என்பதை மறைக்கவில்லை.

1885இல் டிரினிட்டி கல்லூரி அவரை மீண்டும் ஆய்வுறுப்பினராக்கியது. 1900ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டுப் பேராசிரியர் பதவியிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் எசெக்ஸ் பகுதியிலுள்ள டெர்லிங் என்னும் ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தம்பி ஆர்தரும் மனைவி எலினோரும் தொகுத்த வாழ்க்கை வரலாறு 1906இல் வெளிவந்தது. 'அறவியலின் முறைகள்' நூலின் ஏழாம் பதிப்பு 1907இல் வந்தது. இன்று பயன்படுத்தப்படுவது அதுவே. 1930இல் சி. டி. பிராட் இந்நூலை அறநெறிக் கோட்பாடு பற்றிய நூல்களுள் தலைசிறந்ததாக மதிப்பிட்டார். 1981இல் வெளிவந்த மறுபதிப்புக்கு ஜான் ரால்ஸ் முன்னுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியை ஒட்டிச் செல்லும் சாலை சிட்ஜ்விக்கின் பெயரைத் தாங்கியுள்ளது. பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறை அமைந்துள்ள வளாகமும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.